தாழ்த்திய வண்டி ஏன் குதிக்கிறது?

நாகமலைப் புதுக்கோட்டை,
மதுரை.

அன்புள்ள மாப்பிள்ளை பாண்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

சரி, வண்டி விஷயம். ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்தியதிலிருந்து தூக்கித் தூக்கிப் போடுகிறது, பழையதையே மாட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. போன வருஷம் என் மாருதி எஸ்டீம் காரும் இதே பாடு படுத்தியது. உசிலம்பட்டியிலிருந்து அம்மாவைக் கூட்டி வந்தேன். செக்கானூரணி வருவதற்குள், "நிறுத்துடா, கழுத்தே விட்டுப் போச்சு" என்றாள். அன்றைக்கு எனக்கு மனசே ஆறவில்லை.

முதலில் எப்படிக் குதிக்கிறது என்று கவனி. வேகத்தடை தாண்டிய பிறகும் தொட்டில் மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடினால், குறை ஷாக் அப்சார்பரில். ஸ்பிரிங்குக்கு அமுங்கவும் எழும்பவும்தான் தெரியும். ஆட்டத்தை அடக்குவது ஷாக்குக்குள் இருக்கும் ஆயில். கம்பெனி ஷாக், கம்பெனி ஸ்பிரிங்கின் பலத்துக்குக் கணக்காகச் செய்தது. தாழ்த்தும் ஸ்பிரிங் அதைவிட விறைப்பு. அது எழும்பும்போது பழைய ஷாக்கால் பிடித்து நிறுத்த முடியாது. பானட்டை அமுக்கிவிட்டு "ஷாக் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள், நம்பாதே. அதில் செத்த ஷாக் தெரியும், பொருந்தாத ஷாக் தெரியாது.

சின்னப் பள்ளத்துக்கே படக்கென்று உதைத்தால் கதை வேறு. 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால், சக்கரம் மேலே ஏற இருந்த இடத்தில் அந்த 40 போய்விடுகிறது. ஷாக் தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் மோதிக்கொண்டே இருக்கும். என் வண்டியில் அந்தத் தண்டை மூடியிருக்கும் தூசி உறையைத் தூக்கிப் பார்த்தோம். ரப்பர் நசுங்கி, ஓரம் பிய்ந்து, தண்டைச் சுற்றிக் கறுப்புத் தூள். தொட்ட விரலில் மை மாதிரி ஒட்டியது. அத்தனை மாதமும் வண்டி அந்த ரப்பர் மேலேயே உட்கார்ந்து ஓடியிருக்கிறது!

பழங்காநத்தத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன்தான் சரி செய்தார். அந்த ஸ்பிரிங்குக்குத் தோதான குட்டை ஷாக் நான்கும் புதிது, பம்ப் ஸ்டாப்பும் குட்டை. அப்புறம் அவர் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்மின் மூட்டில் புஷ் என்ற ரப்பர் இருக்கும்; அதன் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே முறுக்கினார். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால் புஷ் ரப்பர் திருகியபடி நின்று, அதுவும் ஒரு ஸ்பிரிங் மாதிரி எதிர்க்குமாம். டயரில் நான் கூடுதலாக அடித்திருந்த காற்றையும் கதவோர ஸ்டிக்கரில் போட்ட அளவுக்கு இறக்கினார். கடைசியாக வீல் அலைன்மென்ட்.

யாராவது ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிடலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதே. அறுத்த முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் ஒழுங்காக உட்காராது, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் நகர்ந்துவிடும். ஆபத்து. நம் ஊர் வேகத்தடைகளுக்கு ஒரு அங்குலம் தாழ்த்தினாலே தாராளம் என்பேன்.

அம்மா இப்போது தேனி வரைக்கும் போய்வரலாம் என்கிறாள். நீ அந்தத் தூசி உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுது. வண்டியோடு வருவதானால் ஒரு நாள் முன்னாடி சொல்லு, அண்ணனிடம் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
சேகர்