இரவு ஒன்பதரைக்கும் ஒரு விதி எழுதுங்கள்

கொழும்புத் தனியார் நிறுவனங்களின் மனிதவள முகாமையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் அலுவலகத்தில் சமூக ஊடகப் பாவனை பற்றி ஒரு சுற்றுநிருபம் வந்தது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம், சாப்பாட்டு அறைச் சுவரில். தேநீர் ஊற்றும் அக்கா, "தம்பி, இதில என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். இரண்டு தரம் வாசித்துவிட்டு, "வேலை நேரத்தில போன் பாக்க வேண்டாமாம்" என்றேன். எனக்கு விளங்கியதும் அவ்வளவுதான்.

விதியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் பிரிவில் ஒரு பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். படம் அன்றைக்கே முகநூலில் ஏறியது. கேக்குக்குப் பின்னால் கணினித் திரை; அதில் வாடிக்கையாளர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாம் வரிசையாக. பெரிதாக்கினால் வாசிக்கலாம். படம் போட்ட தம்பிக்குத் தான் செய்தது என்னவென்றே தெரியாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இலேயே நிறைவேறிவிட்டது. அதைப்பற்றி எங்களை இருத்தி அரை மணி நேரம் பேசியவர் எவருமில்லை. "படம் எடுக்கமுன் திரையை அணையுங்கள்" என்ற ஒரு வரி அந்த நான்கு பக்கத்திலும் கிடையாது. "நிறுவனத்தின் நற்பெயருக்குப் பங்கம் விளைவிக்கும் எதுவும்" என்ற வரி மட்டும் இருக்கிறது. பங்கம் எது என்று யார் சொல்வது? பஸ் கட்டணத்தைத் திட்டி நான் எழுதினால் அதுவும் பங்கமா?

அரச ஊழியருக்குத் தாபன விதிக்கோவை என்று அவர்களின் வேலை, நடத்தை விதிகளை எழுதிவைத்த தொகுப்பு இருக்கிறது. 2022 செப்டெம்பரில் அவர்கள் சமூக ஊடகத்தில் கருத்துச் சொல்வதற்கு எதிராகச் சுற்றுநிருபமும் வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் எதை மீறினோம் என்றாவது அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், இரவு விசயம். ஒன்பதரைக்கு வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி விழும். புளூ டிக் வந்துவிட்டால் பதிலும் வரவேண்டும், இல்லையென்றால் காலையில் "பாத்தீங்கதானே?" 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்கிறது. காலி வீதி நெரிசலில் நசுங்கி வந்து சோற்றுக்கு உலை வைத்த பிறகு நான் தட்டும் பதில் எந்தக் கணக்கில் சேர்கிறது?

இன்னொன்று. நிறுவனத்தின் விளம்பரத்தை எங்கள் சொந்தப் பக்கத்தில் பகிரச் சொல்கிறீர்கள். பகிராதவர்களின் பெயர் குழுவில் வரும். விளம்பரத்துக்கு அது உங்கள் பக்கம், என் வீட்டுக் கல்யாணப் படத்துக்கும் கண்காணிப்பு என்றால், அங்கே என்னுடையது எது?

சரி, கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தில் எழுதுங்கள், மூன்று மொழியிலும். குழுவில் எத்தனை மணிக்குப் பிறகு பதில் தேவையில்லை என்று போடுங்கள். பகிர்வது அவரவர் விருப்பம் என்றும். எச்சரிக்கைக் கடிதத்துக்கு முன் ஆளைக் கூப்பிட்டு விளக்கம் கேளுங்கள்.

உங்கள் அலுவலகத்திலும் தேநீர் ஊற்றும் ஓர் அக்கா இருப்பார். சுவரில் ஒட்டமுன் தாளை அவரிடம் ஒருதரம் கொடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
கொழும்பு 6 இலிருந்து ஓர் ஊழியர்