கிளைமேல் இருக்கும் காட்டையும் கணக்கில் எடுங்கள்

ரெட்வுட் தேசிய, மாநிலப் பூங்காக்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வடக்குக் கலிபோர்னியாவில் உங்கள் பொறுப்பில் உள்ள, ரெட்வுட் என்னும் வானுயர மரங்களின் காட்டில், 80 மீட்டருக்கும் மேலே மர உச்சியில் வாழும் ஓர் உயிருக்காக இதை எழுதுகிறேன். அலையும் சாலமாண்டர். பார்த்தால் பல்லி என்று தோன்றும். உண்மையில் தவளைக்குத்தான் உறவு.

இதற்கு நுரையீரலே கிடையாது. தோல்தான் மூச்சு, தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். அப்படிப்பட்டது காற்றடிக்கிற உச்சியில் எப்படிப் பிழைக்கிறது? முதிய ரெட்வுட்டில் கிளை பிரியும் கவட்டைகளில் சருகு விழுந்து மட்கி மண்ணாகிறது. அதில் பெரணி வேர்விட்டு மெத்தையாகப் படர்ந்து, மழை ஈரத்தைப் பஞ்சுபோல் பிடித்து வைக்கிறது. அதற்குள்தான் சாலமாண்டர் எறும்பும் பூச்சியும் தின்று வாழ்கிறது. முட்டையிடக் குளம் வேண்டாம், தலைப்பிரட்டைப் பருவமும் இல்லை. ஈரப் பொந்தில் இட்ட முட்டையிலிருந்து முழு உருவத்தோடு குட்டி வெளிவரும்.

தவறி விழுந்தால்? கிறிஸ்டியன் பிரவுனும் உடன் ஆய்வாளர்களும் இதைக் கீழிருந்து மேலே காற்று வீசும் சோதனைக் கூண்டில் (காற்றுச் சுரங்கத்தில்) விட்டுப் பார்த்து 2022-ல் எழுதினார்கள். கால்களை விரித்து, வாலை அசைத்து, விழும் வேகத்தை 10 சதவீதம் வரை குறைக்கிறது. உடலைத் திருப்பித் திசையும் மாற்றுகிறது. எங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் தவளைக்காவது விரல்களுக்கு நடுவே அகன்ற சவ்வு உண்டு. இதற்கு அதுவும் இல்லை. எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய ரெட்வுட் காட்டில் வெட்டுப்படாமல் மிஞ்சியது ஏறத்தாழ 5 சதவீதம்தான். வெட்டிய இடங்களில் நெருக்கமாக முளைத்த இளங்காட்டை, 2018-ல் தொடங்கிய 'ரெட்வுட்ஸ் ரைசிங்' திட்டத்தில் இடையிடையே மரங்களை வெட்டிச் சீர்செய்து வருகிறீர்கள். மனமார வரவேற்கிறேன். ஆனால் மரம் நெடுநெடுவென்று வளர்ந்தால் மட்டும் போதாது. மண் தங்குவதற்குக் கவட்டை வேண்டும். உச்சி முறிந்து இரண்டு மூன்றாகப் பிரிந்த மரம், கோணல் மரம், பருத்த பக்கக் கிளை விட்ட மரம், இவைதான் நாளைக்குப் பெரணியைத் தாங்கப் போகின்றன. வெட்டுவதற்குக் குறிபோடும்போது இவற்றை விட்டுவிடுங்கள். புயலில் விழும் கிளைகளோடு வரும் பெரணி மெத்தைகளை இளமரங்களில் ஏற்றி வைத்து வளர்த்துப் பாருங்கள். கண்காணிப்புக் கணக்கில் மர உச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரையில் பெரணி மிதிபட்டு அழிகிறது என்பதால்தானே 2022-ல், உலகிலேயே உயரமானதாக அறியப்பட்ட ஹைப்பீரியன் மரத்தைச் சுற்றி ஆட்கள் நுழையத் தடை போட்டீர்கள்? அதே கரிசனத்தை மேலே இருக்கும் பெரணிக்கும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
காடுகளில் அக்கறை கொண்ட ஒரு தமிழ் வாசகர்