மூடியைக் கழற்றிவிட்டு எடு

திருச்சி
மார்கழி 10

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. மழை, மூட்டுவலி, வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று எதையாவது சொல்லலாம், நீ நம்பமாட்டாய். பேட்டரி கேமராவா, பேட்டரி வேண்டாத கேமராவா என்று நீ கேட்ட கேள்விக்கு நாற்பது வருடமாக என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கை ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று போன வாரம்தான் தெரிந்தது.

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குத் தை மாதக் கடைசியில் வளைகாப்பு. பத்திரிகை தனியாக வரும், சாக்குச் சொல்லாமல் வந்து சேர். அம்மாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது, ஆனால் தனக்கு வேண்டியது மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது. கண்ணாடி வாத்தியாரைக் கடைத்தெருவில் பார்த்தேன். "அந்தத் தேர்ப் படம் எடுத்தவன் எங்கே இருக்கிறான்?" என்றார். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் நீ எடுத்த முப்பத்தாறு படமும் கும்மிருட்டு என்பதை அவர் சாகும்வரை மறக்கமாட்டார் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என் கேனனெட் கேமராவை பீரோவிலிருந்து எடுத்தேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நாப்தலின் உருண்டையோடு துணிக்கடியில் கிடந்தது. எடுத்து அழுத்தினால், ஃபிலிமுக்கு வெளிச்சம் விடும் ஷட்டர் திறக்கவில்லை. அதன் இதழ்கள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூடியே கிடக்கின்றன. கேமராவைக் குறை சொல்லவில்லை. 1972இல் வந்த வகை, ஐம்பது வருடத்துக்கு மேல் உழைத்திருக்கிறது. அதை ஊறுகாய் போட்டவன் நான்.

வழக்கம்போல நந்தி கோயில் தெருவுக்குப் போனேன். கேமரா பழுதுபார்க்கும் பாய் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் வழி கேட்டு வீட்டுக்கே போய்விட்டேன். பாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. பார்வை தேவலை, கைதான் நடுங்குகிறது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். கேமராவை வாங்கிக் காதருகே வைத்து ஒருமுறை அழுத்தினார். "பிளேடு ஒட்டியிருக்கிறது. வேறொன்றும் இல்லை. நீங்களே செய்துவிடுங்கள், நான் சொல்கிறேன்" என்றார்.

சேகர், கேமராவின் அடிமூடியைக்கூட நான் திருகாணி போட்டுத் திறந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். பாய் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் செய்தேன். லென்ஸின் முகப்பில் பெயர் எழுதிய வளையத்தை ரப்பர் அடைப்பானால் அழுத்தித் திருகினேன். அது வந்தது. பிறகு முன்கண்ணாடித் தொகுதி மொத்தமாகக் கழன்று கையில் வந்தது. அதை வைக்க இடம் தெரியாமல் சட்டைப்பைக்குள் போடப்போனேன், பாய் கத்தினார். உள்ளே இதழ்கள், மழையில் நனைந்த தீப்பெட்டி அட்டை மாதிரி மினுமினுப்போடு. பஞ்சில் ஒரே ஒரு சொட்டு வெள்ளைப் பெட்ரோல் வைத்துத் தொட்டேன், அழுத்தினேன், துடைத்தேன். மறுபடியும் தொட்டேன். ஏழாவதோ எட்டாவதோ தடவை இதழ்கள் சோம்பலாக விரிந்தன. பன்னிரண்டாவது தடவைக்கு மேல் பழைய சத்தம் வந்துவிட்டது. பாய் கண்ணை மூடிக்கொண்டு கால் வினாடி, எட்டில் ஒரு வினாடி, பதினைந்தில் ஒரு வினாடி என்று ஒவ்வொரு ஷட்டர் வேகத்தையும் கேட்டார். "கால் சரி. எட்டு சரி. பதினைந்து கொஞ்சம் இழுக்கிறது, இன்னொரு சொட்டு." கால் வினாடியில் உள்ளே பல்சக்கரங்கள் ஓடும் அந்தக் "கிர்ர்" சத்தம் எனக்கும் கேட்கும், எது சரி, எது இழுவை என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உறைத்தது. பேட்டரி வேண்டாத கேமராதான் கேமரா என்று நாற்பது வருடமாக உன்னிடம் சண்டை போட்டேனே, அதற்கு ஒரு பாய் வேண்டும் என்று ஒரு நாளும் சொல்லவில்லையே!

உன் அப்பா பர்மா பஜாரில் வாங்கிய யாஷிகா எலக்ட்ரோ கேமராவை எவ்வளவு ஏசியிருக்கிறேன். பேட்டரி பொம்மை என்றேன். பேட்டரி செத்தால் 1/500 வினாடி வேகம் ஒன்றுதான் மிஞ்சும், உச்சிவெயிலில் காக்காய் எடுக்கத்தான் ஆகும் என்றேன். நீ அடாப்டருக்குள் ஆறு வோல்ட் பேட்டரியைப் போட்டு இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறாய். அன்று கரண்ட் போனபோது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உன் பாட்டியை எடுத்தாயே, ஷட்டர் "டக்" என்று திறந்து, போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம் போல நேரம் கழித்து "டொக்" என்று மூடியது. நான் சிரித்தேன். கழுவிப் பார்த்தால் ஊட்டியில் செய்த "இந்து" ஃபிலிமில் பாட்டியின் மூக்குத்தி வரைக்கும் துல்லியம். யாஷிகாவுக்குள் இருப்பது மந்திரம் ஒன்றும் இல்லை. வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் ஒரு கேட்மியம் சல்ஃபைடு உணரி. அதன் வழியாக ஒரு மின்தேக்கி நிரம்புகிறது. அது நிரம்பும்வரை காந்தம் இதழ்களைப் பிடித்து வைத்திருக்கிறது, நிரம்பியதும் விட்டுவிடுகிறது. இருட்டானால் மெல்ல நிரம்பும். முப்பது வினாடி வரைக்கும் அது பொறுமையாக இருக்கும். பொறுமை எனக்குத்தான் இல்லை.

என் கட்சியின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். கேனனெட்டின் ஷட்டர் பேட்டரி கேட்காதுதான், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கேட்கும். அதற்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி. அதை உலகம் கைவிட்டது நியாயம். பாதரச நஞ்சால் சீரழிந்த ஜப்பானிய ஊரான மினமாட்டா பெயரில் 2013இல் ஒப்பந்தமே போட்டார்கள். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை பாதரச மாசால் 2001இல் மூடப்பட்ட கதை தெரிந்த நமக்கு மினமாட்டா வரை போக வேண்டியதும் இல்லை. ஆகவே நான் என்ன செய்கிறேன்? அம்மாவின் காது மிஷின் பேட்டரி, 1.4 வோல்ட், அதைத் திருடிப் போட்டுக்கொள்கிறேன். ஸ்டிக்கரைப் பிரித்துக் காற்று உள்ளே போய்விட்டால், படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஓரிரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். சுதந்திரக் கேமராக்காரன் மாமியார் வீட்டு மருமகன் மாதிரி பேட்டரிக்குக் கையேந்தி நிற்கிறேன்.

இனி உன் கேள்வி. பொங்கலுக்கு வரும்போது சிங்கப்பூரிலிருந்து உன் பையன் பழைய ஃபோக்ட்லாண்டர் பெஸ்ஸா கேமரா ஒன்று கொண்டு வருகிறான், ஆர்3ஏவா, ஆர்3எம்மா? ஃபோக்ட்லாண்டர் என்ற பெயர் 1756இல் வியன்னாவில் தொடங்கியது, இந்தக் கேமராவைச் செய்தது ஜப்பானின் கோசினா நிறுவனம். இரண்டும் ஏறக்குறைய ஒரே உடம்புதான். 2004இல் வந்த ஏ, அபர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவை, நீ வைத்தால் வேகத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். பேட்டரி இல்லாவிட்டால் கல். 2006இல் வந்த எம், மீட்டருக்கு மட்டும் பேட்டரி கேட்கும். அது செத்தாலும் எல்லா வேகமும் ஓடும். உன் கடிதம் வந்த உடனே பதில் போட்டிருந்தால் யோசிக்காமல் எம் என்று எழுதியிருப்பேன். நம் ஊர் வெயிலுக்கு மீட்டரே தேவையில்லை, லென்ஸ் துளையை எஃப்/16இல் வைத்து ஃபிலிமின் ஏஎஸ்ஏ எண்ணை வேகமாக வைத்தால் பிழைபோகாது என்று ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

ஏ வாங்கு.

சிரிக்காதே. நீ என்ன எடுக்கப் போகிறாய்? பேத்தியை. அவள் கூடத்திலிருந்து முற்றத்துக்கு ஓடுவாள், முற்றத்திலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு ஓடுவாள். திருவானைக்கா பிரகாரத்தில் நடந்த மாதிரிதான். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே வெளிச்சம் மூன்று, நான்கு ஸ்டாப் ஏறி இறங்கும், ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. நீ வேகச் சக்கரத்தைத் திருப்பி முடிப்பதற்குள் அவள் சாப்பிடப் போயிருப்பாள். அந்த வேலையை ஏ பார்த்துக்கொள்ளட்டும், நீ ஃபோகஸைப் பார். ஆர்3 இரண்டிலும் கண் வைத்துப் பார்க்கும் கண்ணறை ஒன்றுக்கு ஒன்று, வெறுங்கண்ணில் தெரியும் அதே அளவு. இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துக்கொண்டு எடுக்கலாம், குழந்தை எங்கே ஓடுகிறாள் என்று தெரியும். அது ஒன்றுக்காகவே இந்தக் கேமராவை வாங்கலாம்.

ஏவுக்குள் இருக்கும் மின்சுற்றுச் சில்லு, அந்த ஐசி போனால் யார் பார்ப்பார்கள் என்பாய். யாரும் இல்லை, உண்மைதான். பாயிடமும் கேட்டேன். "அது போனால் போனதுதான்" என்றார். கணக்குப் போட்டுப் பார். வருடத்துக்கு நீ ஆறு ரோல் எடுத்தால் அதிகம். நமக்கு அறுபது தாண்டிவிட்டது. கண்ணும் கையும் நன்றாக இருக்கப்போவது இன்னும் எத்தனை வருடம்? நூறு ரோல் தேறுமா? நூறு வருடம் உழைக்கிற கேமராவை வாங்கி யாருக்கு வைக்கப் போகிறாய்? பாயின் கை நடுங்கியதைப் பார்த்ததிலிருந்து இதே கணக்குத்தான் எனக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இதை நேரில் சொல்லியிருக்கமாட்டேன்.

லைக்கா எம்7 கேமரா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதே என்று மறுபடியும் ஆரம்பிக்காதே. பேட்டரி போனாலும் 1/60, 1/125 இரண்டு வேகம் மட்டும் உண்டு, அறிவேன். அந்த விலையைப் பையன் காதில் போட்டால் பொங்கலுக்கே வரமாட்டான்.

வாங்கும் முன் பையனை ஒன்று பார்க்கச் சொல். தூரத்து மின்கம்பியை, ஃபோகஸுக்காகத் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் பார்க்கட்டும். இரட்டை உருவம் பக்கவாட்டில் சேர்ந்தாலும், ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கி நிற்கிறதா என்று கவனிக்கட்டும். நின்றால், எங்கோ விழுந்த கேமரா. இந்தச் சங்கதியில் ஏ, எம் பேதம் இல்லை. தூரம் பார்ப்பது இரண்டிலும் நெம்புகோலும் கண்ணாடியும்தான். எல்ஆர்44 பேட்டரி இரண்டு உள்ளே, இரண்டு பையில். அவ்வளவுதான் உன் மின்சாரப் பிரச்சினை.

தேர்ப் படம் மறுபடி நடக்குமா என்று பயப்படாதே. கண்ணறை லென்ஸ் வழியாகப் பார்க்காது, மூடி போட்டிருந்தாலும் பேத்தி அழகாகத்தான் தெரிவாள். ஆனால் மீட்டர் லென்ஸ் வழியாகப் பார்க்கிறது. நட்ட நடு மத்தியானத்தில் வேக எண் அடிமட்டத்தில் விழுந்து கிடந்தால் தடவிப் பார், மூடி இருக்கும். என் கேனனெட் தானியங்கியில் வைத்தால் அழுத்தவே விடாது, பூட்டிக்கொள்ளும். அன்று உன் கையில் அது இருந்திருந்தால் வாத்தியாருக்குப் பேச விஷயமே இருந்திருக்காது.

வளைகாப்புக்கு வரும்போது யாஷிகாவையும் கொண்டு வா. ஒரு நாள் பாய் வீட்டுக்குப் போய் வருவோம், அதன் சத்தத்தை அவர் கேட்க வேண்டுமாம். கூடவே காது மிஷினுக்குப் பி675 பேட்டரி இரண்டு அட்டை. அம்மா எண்ணி வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

உன்,
மணி