கொழுப்பு வெறும் சேமிப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல்நலப் பக்கங்களில் கொழுப்பு என்ற சொல் வரும்போதெல்லாம் அடைப்பு, கரைத்தல், குறைத்தல் என்ற சொற்களும் உடன் வருகின்றன. இரத்தக் குழாய்க்கு அதனால் விளையும் கேட்டை நான் மறுக்கவில்லை. ஆனால், எண்ணெய் சேர்த்துவைக்கும் ஈஸ்டுகளைப் பல ஆண்டுகளாக ஆய்வகத்தில் வளர்த்துவரும் எனக்கு, உயிருள்ள செல்லில் கொழுப்பு ஆற்றும் பணியில் பாதியைக்கூட நாம் வாசகருக்குச் சொல்வதில்லையே என்ற ஆதங்கம் உண்டு.

யாரோவியா லிப்போலிட்டிக்கா, லிப்போமைசஸ் ஸ்டார்கியி போன்ற ஈஸ்டுகளுக்குக் குளுக்கோஸைத் தாராளமாகக் கொடுத்து நைட்ரஜனை மட்டும் நிறுத்திவிட்டால், புரதம் உருவாக்க வழியில்லாமல் அவை பெருகுவதை விட்டுவிட்டு, கிடைக்கும் கார்பனை எண்ணெயாக மாற்றத் தொடங்குகின்றன. உலர் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய் உள்ளவற்றையே 'எண்ணெய் ஈஸ்டுகள்' என்ற வகையில் சேர்ப்பது வழக்கம். லிப்போமைசஸில் அது 60 விழுக்காட்டைத் தாண்டுவதும் உண்டு. கொழுப்பில் ஒட்டி ஒளிரும் நைல் ரெட் சாயத்தை ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லின் பெரும்பகுதியை ஒரே பொன்மஞ்சள் துளி அடைத்துக்கொண்டு ஒளிர்வது தெரியும். நைட்ரஜனை மீண்டும் கொடுத்தால் துளி சிறுக்கிறது. செல் அதை எடுத்துச் சவ்வு என்ற தன் மெல்லிய உறையைக் கட்டி, மறுபடியும் மொட்டுவிட்டுப் பெருகுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

ஈஸ்டில் பஞ்சகாலச் சேமிப்பாக இருக்கும் அதே கொழுப்பினம், நம் மூளையில் செய்தியாகவும் வேலை செய்கிறது. 1992-இல் ஜெருசலேமில் வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம் குழுவினர் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு, 'ஆனந்தம்' என்ற சொல்லைக் கொண்டே 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டனர். அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து உருவாகும் இது, மற்ற நரம்புச் செய்திப் பொருள்களைப் போல முன்கூட்டியே பைகளில் நிரப்பிவைக்கப்படாமல், தேவைப்படும் நேரத்தில் செல்லின் சவ்விலிருந்தே உருவாக்கப்படுகிறது. இக்குடும்பத்துப் பொருள்கள் வலிச் செய்தியைத் தணிப்பதோடு, டோபமைன் என்ற செய்திப் பொருள் சுரக்கும், இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளையின் வெகுமதிப் பாதையையும் தூண்டுகின்றன. அந்த அராக்கிடோனிக் அமிலத்தையே மார்ட்டியரெல்லா ஆல்பினா என்ற, ஈஸ்டு அல்லாத வேறொரு எண்ணெய்ப் பூஞ்சையிலிருந்து எடுத்துக் குழந்தைகளுக்கான பால்மாவில் சேர்க்கிறார்கள்.

ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதி மரபணு மாற்றத்தால் மந்தப்பட்டிருந்த ஸ்காட்லாந்துப் பெண்மணி ஒருவரைப் பற்றி 2019-இல் மருத்துவ இதழொன்று எழுதியது. அடுப்பில் கை சுட்டாலும், தோல் கருகும் நாற்றத்தைக் கொண்டே அவர் அதை அறிவாராம். வலியின்மையை வரம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. அதே நொதியை மருந்தால் தடுக்க முயன்றபோது, 2016-இல் பிரான்சின் ரென் நகரில் நடந்த சோதனையில் தன்னார்வலர் ஒருவர் உயிரிழந்தார். மருந்து வேறு இலக்குகளையும் தாக்கியிருக்கலாம் என்று பின்னர் ஆய்வாளர்கள் கருதினர்.

ஆகவே, எண்ணெயைக் குடித்தால் வலி போகும் என்று எவரும் எழுதிவிடக் கூடாது. கொழுப்பு முழுவதும் பகை என்றும் எழுதக் கூடாது. சேமிப்பாகவும் செய்தியாகவும் அது செய்யும் வேலையை விளக்கும் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழ் வெளியிட முன்வந்தால், ஈஸ்டுத் துளிகளின் நுண்ணோக்கிப் படங்களை அனுப்பித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வாளர் ஒருவர்