மைரா பள்ளத்தாக்கு மரப்பாலங்கள்: பூங்காத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணப் பூங்காத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கனடாவின் கெலோனா நகருக்கு மேலே மைரா பள்ளத்தாக்கில் நிற்கும் பழைய ரயில் பாலங்களைப் பற்றித்தான் இந்த மடல். 2003 ஆகஸ்டில் மின்னல் விழுந்து ஒகனாகன் ஏரிக்கரையில் பிடித்த தீ மலையேறி வந்து, அங்கிருந்த 16 மரப்பாலங்களில் 12-ஐ எரித்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரும்புப் பாலங்கள் இரண்டிலும்கூட மரத்தளம் எரிந்தது.

ஆண்ட்ரூ மெக்கல்லோ என்ற பொறியாளரின் தலைமையில் 1910-களில் போட்ட கெட்டில் வேலி ரயில்பாதை அது. ரயில் நின்று, தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போன பிறகு, உள்ளூர்க்காரர்கள் தாங்களாகவே பலகை போட்டு, கைப்பிடி அடித்து, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்ற பாதையாக மாற்றினார்கள். எரிந்ததை மறுபடி கட்டி 2008-இல் திறந்தீர்கள், அதற்கு மனமார்ந்த நன்றி. மரத்திலேயே கட்டியதும் சரிதான், கான்கிரீட்டில் கட்டியிருந்தால் அது வேறு பாலம். ஆனால் மரம்தான் என்று முடிவெடுத்துவிட்டால், தீயிலிருந்து காக்கும் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது இல்லையா?

மரப்பாலம் பற்றிக்கொள்ள நெருப்பு மதில்போல் எழுந்து வர வேண்டியதே இல்லை. தூணும் குறுக்குச் சட்டமும் சேருகிற இடுக்குகளில் காய்ந்த பைன் ஊசிகள் சேரும், வெயிலிலும் பனியிலும் கிடந்த பழைய கட்டைகள் நீளவாக்கில் வெடித்திருக்கும், காற்றில் பறந்து வருகிற ஒரு கங்கு அந்த வெடிப்புக்குள் போய் உட்கார்ந்தால் போதும், வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் கனன்று, ஆட்கள் எல்லாம் போன பிறகு எழும். கிரியோசோட் (மரம் உளுக்காமல் இருக்கப் பூசும் தார் எண்ணெய்) ஊறிய கட்டையாக இருந்தால் அணைப்பது பெரும்பாடு, புகையும் நஞ்சு.

இரும்புப் பாலம் என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. வேல்ஸில் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய, பெரிய இரும்புக் குழாய்களுக்குள் ரயில் ஓடும் பிரிட்டானியா பாலம் 1970 மே மாதம், உள்ளே தீப்பந்தத்தோடு போன சில பையன்களால் எரிந்தது. குழாய்க்கு மேல் தார் பூசிய மரக்கூரை இருந்ததுதான் காரணம். அந்தச் சூட்டில் வளைந்த இரும்புக் குழாய்களைக் கடைசியில் கழற்றி எறிய வேண்டியதாயிற்று. நியூயார்க் மாநிலத்தின் பொக்கீப்சி பாலம் 1974-இல் எரிந்தபோது, தீயணைக்கப் பாலத்தின் மேலேயே போட்டிருந்த தண்ணீர்க் குழாய் பராமரிப்பில்லாமல் கிடந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாலத்தில் ரயில் ஓடவே இல்லை. குழாய் போடுவதல்ல, போட்டதை ஆண்டுதோறும் திறந்து பார்ப்பதுதான் வேலை என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சரி, என்ன கேட்கிறேன்? ஒவ்வொரு வசந்தத்திலும் பாலத்தின் அடியிலும் இரு முனைகளிலும் புதர், காய்ந்த புல், விழுந்த மரம் எல்லாவற்றையும் அகற்றுங்கள், இடுக்குகளில் சேர்ந்த ஊசிகளையும் சேர்த்து. படுகிடையான கட்டைகளின் மேல்முகத்தில் தகரம் அடித்தால் கங்கு தங்காது, பழைய ரயில்வேக்காரர்களே செய்த வேலை அது. அவர்கள் பாலத்தின் மேல் தண்ணீர்ப் பீப்பாய்களும் வைத்திருந்தார்கள், ரயில் போன பின்னால் பொறி விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஆள் நடந்தது. இன்று வீடுகளைக் காக்க நம் மாகாணத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற தெளிப்பான்களை இந்தப் பாலங்களுக்கும் ஒதுக்கி வையுங்கள், தண்ணீர் எங்கிருந்து எடுப்பது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். தீ மலையேறத் தொடங்கிய பிறகு அந்தக் குறுகலான பாதையில் பம்பைக் கொண்டுபோக நேரம் இருக்காது.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யப் பணம் இல்லையென்றால், 2003-இல் தப்பிய அந்த 4 மரப்பாலங்களில் இருந்து தொடங்குங்கள். எரிந்த 12-ஐத் திரும்பக் கட்டினோம், ஆனால் பழைய மரப்பாலங்கள் என்று அங்கே மிஞ்சியிருப்பவை அவை மட்டும்தான். எந்தப் பாலத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள், யார் பொறுப்பு என்பதை அடுத்த கோடைக்கு முன் பொதுமக்களுக்குத் தெரிவியுங்கள். புதர் வெட்ட ஆள் வேண்டுமென்றால் தேதி சொல்லுங்கள், வருகிறோம்.