சிரிப்பு நடிகரும் குற்றக் கதையும்

ஆசிரியருக்கு,

நகைச்சுவை நடிகர் ஒருவர் குற்றக் கதையில் கனமான வேடம் ஏற்றால் ‘துணிச்சல்’ என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எங்கே சறுக்குகிறது என்பதையும் விமர்சனங்கள் எழுத வேண்டும்.

முதல் சிக்கல் இடைவெளி. வசனம் முடிந்ததும் கைதட்டலுக்கு ஒரு நொடி விடுவது மேடையில் ஊறிய பழக்கம். க்ளோஸ்-அப்பில் அதே நொடி சிரிப்பை வரவழைத்துவிடும். “நேத்து ராத்திரி எங்கேய்யா இருந்தே?” என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். புருவம் ஏறக்கூடாது, டீ கிளாஸைப் பிடித்த விரல் அசையக்கூடாது, பதில் மூன்று நொடி தாமதமாக, சுருதி இறங்கி வரவேண்டும். எடிட்டரும் உடனே எதிராளியின் முகத்துக்குத் தாவினால் அது காமெடி வெட்டாகிவிடும்.

அறிமுகக் காட்சியும் முக்கியம். விசில் அடங்கும்வரை அவருக்கு வசனமே கொடுக்கக் கூடாது. ‘விடுதலை’யில் (2023) சூரியை ஜீப் ஓட்டும் சாதாரண கான்ஸ்டபிளாகவே வைத்தது அருமையான முடிவு. நாகேஷ் 1965-லேயே ‘நீர்க்குமிழி’யில் கனமான நாயகன்!

தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை தியேட்டர்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தியேட்டர் ஒலிக்கருவியில் அளவு எண்ணை 7-இல் வைத்துக் கேட்கும்படிதான் படத்தின் ஒலியைக் கலந்து அமைக்கிறார்கள். விளம்பரம் காதைப் பிளக்கிறது என்று 4-க்கு இறக்கிவிட்டு, படம் தொடங்கியதும் ஏற்ற மறந்தால், முணுமுணுப்பெல்லாம் மின்விசிறிச் சத்தத்தில் போய்விடும். இந்த மாதிரிப் படத்தின் உயிரே அந்த முணுமுணுப்பில்தான் இருக்கிறது.

– நாடகக் கலைஞர்கள் சிலர், மயிலாடுதுறை