செயலாளர் அறிக்கை: ஏழாம் நாளுக்குள் சம்பளம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தக உதவி, திருவிழாத் தண்ணீர்ப் பந்தல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சம்பள விஷயத்தைப் பேசுகிறேன், இந்த ஆண்டு சங்கத்தைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் அதற்காகத்தான் வந்தார்கள்.

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் செம்பனைக் குலை வெட்டும், மருந்தடிக்கும் நம் உறுப்பினர்கள் பலர் குத்தகையாளரிடம்தான் வேலை செய்கிறார்கள். சம்பளம் கேட்டால், "தோட்டத்துப் பணம் வரட்டும், தருகிறேன்" என்கிறார். நம் ஆட்களும், பாவம், அவர்தான் என்ன செய்வார் என்று இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்கவே கூடாது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது, அது முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் தந்தாக வேண்டும். ஓவர்டைம், ஓய்வுநாள், பொது விடுமுறை நாள் வேலைப் பணத்துக்கு மட்டும் அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாள் வரை அவகாசம் உண்டு.

அதைவிட முக்கியமானது ஒன்று. குத்தகையாளர் தரவில்லை என்றால், வேலையைக் குத்தகைக்கு விட்ட தோட்டமும் மூன்று மாதச் சம்பளம் வரை பொறுப்பு. ஆனால் சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்திருக்க வேண்டும். தீபாவளிக்குள் வந்துவிடும், பொங்கலுக்குள் வந்துவிடும் என்று காத்திருந்தே ஒரு குடும்பம் இந்தக் கெடுவைத் தவறவிட்டது. மாதக்கணக்கில் வெயிலில் உழைத்த காசு, தோட்டத்திடம் கேட்கும் வழியே அடைபட்டுப் போனது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

டன் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள், அது தவறு. 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளுக்கும் மாதம் 1,700 ரிங்கிட்தான், டன்னுக்கும் துண்டு வேலைக்கும் அதே கணக்கு. முன்பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கலாம், அதற்கு வட்டி போடக்கூடாது. சம்பளச் சீட்டில் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று இருக்க வேண்டும், அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சீட்டே தராத இடத்தில் வேலை செய்கிறவர்கள் அன்றன்று வெட்டிய குலையை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், அக்கா தங்கச்சிமாரும் பொறுக்கிய உதிரிப் பழத்தை எழுதுங்கள்.

புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை. தனியாகப் போகத் தயங்கினால் செயலவையிலிருந்து ஒருவர் கூட வருவார். சம்பளம் பாக்கி உள்ளவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் சீட்டு, நோட்டு, குத்தகையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எது இருந்தாலும் என்னிடம் காட்டுங்கள், 90 நாள் நெருங்கியவர்களை முதலில் அழைத்துப் போகிறோம்.